திங்கட்கிழமை பூக்காத செடி

பேலம் குகைக்குப் போய்வந்த பதிவைப் படித்துவிட்டு, அந்தப் பக்கம் வேறு குகை ஏதும் உண்டா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உண்டு. அதில் ஒன்றுக்கு மூன்று வருடமாக மழைக்காலம் தோறும் போய்வருகிறேன். சுற்றிப் பார்க்க அல்ல, என் அக்காவுக்கு வண்டி ஓட்ட. இந்த ஆகஸ்டில் போனது மூன்றாவது முறை.

அக்கா ரெஜினா பெங்களூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. நான் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு பார்க்கிறேன். எனக்குச் செடி என்றால் கறிவேப்பிலை, கொத்தமல்லி, அவ்வளவுதான். முதல் வருடம் நாங்கள் சும்மா ஆந்திரப் பக்கம் சுற்றப் போனபோது, ஒரு சுண்ணாம்புப் பாறைக் குகையின் வாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த சின்னச் செடியைப் பார்த்து அக்கா அப்படியே நின்றுவிட்டாள். மூன்று நான்கு இலை, பூனைக்குட்டி முதுகு போல மெத்தென்ற ரோமம். கோடையில் காய்ந்து போய், மழைக்கு மறுபடி துளிர்க்கும் ஜாதி. ஊருக்கு வந்து அவள் புரட்டாத புத்தகம் இல்லை, கேட்காத ஆள் இல்லை. இதுவரை யாரும் எழுதி வைக்காத இனம் என்று முடிவுக்கு வந்தாள்.

ஆனால் ஒரு புது இனத்துக்குப் பெயர் வைப்பது, குழந்தைக்குப் பெயர் வைப்பது மாதிரி சுலபமில்லை. இலை, தண்டு, காய், விதை எல்லாவற்றையும் அளந்து எழுத வேண்டும். முக்கியமாகப் பூ. இதழ் எத்தனை, மகரந்தம் எங்கே இருக்கிறது, உள்ளே ரோமம் உண்டா இல்லையா, இதெல்லாம் தெரிந்தால்தான் இது அண்டைச் செடிகளிலிருந்து வேறு என்று சாதிக்க முடியும். சிக்கல் அங்கேதான். செடியில் மொட்டு இருந்தது, காய் இருந்தது, விரிந்த பூ மட்டும் எங்கள் கண்ணில் படவே இல்லை. முதல் வருடம், நாம் வந்த நாள் சரியில்லை என்றாள். மொட்டுகளை ஈரப்பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்து பார்த்தாள், வழியிலேயே வதங்கிவிட்டன. இரண்டாம் வருடம் ராத்திரியில் விரிகிறதோ என்று டார்ச்சோடு இருட்டும் வரை உட்கார்ந்திருந்தோம். கொசுக்கடிதான் மிச்சம்.

கடைசியில் அவளே ஒரு கருத்துக்கு வந்து, கட்டுரையில் எழுதியும் அனுப்பிவிட்டாள்: இந்தச் செடியின் பூ விரிவதே இல்லை, மொட்டுக்குள்ளேயே சூல் பிடித்துக் காயாகிறது. அப்படிச் செய்கிற செடிகள் உலகத்தில் உண்டாம். கட்டுரை திரும்பி வந்தது. விரிந்த பூ இல்லாமல் ஏற்க முடியாது, அல்லது விரிவதில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இதற்குள் குகைக்குப் பக்கத்துப் பாறையில் கல் வெட்டும் வேலை நெருங்கி வந்துவிட்டது. நம் வீட்டு அலமாரியில் தட்டாகப் போடுகிறோமே கடப்பா கல், அந்த மாதிரிச் சரக்கு எல்லாம் இந்த வட்டாரத்தில்தான் வெட்டுகிறார்கள். "பேரே இல்லாத செடியைக் காப்பாத்துங்கன்னு யார்கிட்டடா போய்ச் சொல்றது?" என்று அக்கா கேட்டாள். இந்த மழைக்குள் பூ கிடைத்தாக வேண்டும்.

எப்போதும் போல ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். காலைத் திருப்பலி முடியாமல் அக்கா ஊர் எல்லையைத் தாண்டமாட்டாள். ஃப்ரேசர் டவுனிலிருந்து பதினொரு மணிக்கு வண்டியை எடுத்தால் தேவனஹள்ளி, பாகேபள்ளி, பெனுகொண்டா வழியாக அனந்தபூர் சுமார் 210 கி.மீ. சாலை அருமை, கண் சொக்கும், ஜாக்கிரதை. அங்கிருந்து தாடிபத்ரி இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ராத்திரி தாடிபத்ரியில் தங்கினோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏசி இல்லாத அறை எண்ணூறு ரூபாய்க்குக் கிடைக்கும், மின்விசிறி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியை வாங்குங்கள். கார் டிக்கியில் என் பைக்கு இடமில்லை. செடிகளை அழுத்தி உலர்த்தும் மரச்சட்டமும் பழைய நியூஸ்பேப்பர் கட்டுகளும்தான் ராஜா மாதிரி படுத்திருந்தன. காயலான் கடைக்காரன் வண்டி என்று சொன்னதற்கு அக்கா முறைத்தாள்.

போன இரண்டு தடவையும் டிபனை முடித்து, சாவகாசமாகக் குகைக்குப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. இந்தத் தடவை காலை நேரத்தையும் பார்த்துவிடலாம் என்று அக்கா இருட்டிலேயே கதவைத் தட்டினாள். காபிகூட இல்லை. எரிச்சலோடுதான் ஓட்டினேன். கொலிமிகுண்ட்லா தாண்டி, கல் பாலிஷ் போடும் பட்டறைகள் தாண்டி, மண் பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தபோது அப்போதுதான் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எதிரே தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு பெண்கள் கும்பலாக இறங்கி வந்தார்கள். கையில் தேங்காய் மூடி, காலித் தட்டு. இந்த வெறும் பாறைக்காட்டில் இவ்வளவு கூட்டத்தை நாங்கள் பார்த்ததே இல்லை.

குகை வாயில் வழக்கம்போலத்தான். செடிகள் இருந்தன, மொட்டுகள் இருந்தன, பூ இல்லை. அக்கா சுவரோரமாகக் குனிந்து ஒவ்வொரு செடியாகப் பார்த்தாள். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சும்மா நிற்க முடியாமல் குகைக்குள் நாலு அடி வைத்தேன். உள்ளே ஒரு இரும்புக் கம்பிக் கதவு உண்டு. நாங்கள் போகும்போதெல்லாம் பூட்டியே கிடக்கும். இன்றைக்குத் திறந்திருந்தது, விளக்கு எரிந்தது.

"அக்கா, ஸ்வல்ப இங்க வாயேன்." அவசரத்தில் 'கொஞ்சம்' எனக்குக் கன்னடத்தில்தான் வரும்.

"என்னடா?"

"வா சொல்றேன்."

உள்ளே சுண்ணாம்பு நீர் சொட்டிச் சொட்டித் தானாக எழுந்த லிங்கம். அதன் தலை நிறைய வெளிர் ஊதாப் பூ. குட்டிக் குழல் மாதிரி, வாயோரம் ஐந்து மடல், தொண்டையில் மஞ்சள் பொட்டு. குங்குமமும் விபூதியும் அப்பிக் கிடந்தாலும் காம்பில் இருந்த ரோமத்தைப் பார்த்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. நேரே பூசாரியிடம் போனாள்.

பூசாரிக்கு நாற்பது வயது இருக்கும். டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்து போகிறவர், கிளம்பும் அவசரத்தில் இருந்தார். அவர் பேசியது தெலுங்கு. பெங்களூரில் வளர்ந்த எங்களுக்கு அது புரியும், உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"இந்தப் பூ எங்க சாமி கிடைச்சுது?" என்று அக்கா கேட்டாள்.

"வாசல்லதாம்மா. சிராவண மாசத்துத் திங்கக்கிழமை சாமிக்கு இந்தப் பூதான். வெளியூர்ப் பூ வைக்கமாட்டோம். பொம்பளைங்க விடியறதுக்குள்ள வந்து பறிச்சிடுவாங்க."

"மத்த நாள்?"

"மத்த நாள் யாரும் தொடமாட்டாங்க. தினம் விடியக்காலம் பூக்கும், மத்தியானம் உதிரும். நீங்க எந்தக் கிழமைம்மா வருவீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன். ஞாயிறு திருப்பலி, ராத்திரி தாடிபத்ரி, திங்கள் குகை. மூன்று வருடமும் அதே ஆகஸ்டில், அதாவது அவர்களுடைய சிராவண மாதத்தில், ஒரு தடவைகூட மாறாமல். ஊர் டீக்கடையில் போன வருடம் விசாரித்தபோது, "பூக்காம என்ன, நிறைய பூக்கும்" என்று சொன்னார்கள். அவர்கள் வேறு ஏதோ செடியைச் சொல்கிறார்கள் என்று அக்கா ஒதுக்கிவிட்டாள். இப்போது அதே கல்லில் போய் உட்கார்ந்து, கண்ணில் நீர் வர வர அப்படிச் சிரித்தாள். "பூ விரியவே விரியாதுன்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன்டா. படம் வேற போட்டிருக்கேன்!"

பூசாரி பிரசாதமாக ஒரு பூவை எடுத்து நீட்டினார். அக்கா இரண்டு கையாலும் வாங்கி, அதைச் சட்டத்தில் வைக்காமல் தலையில் வைத்துக்கொண்டாள். "குங்குமம் பட்டது ஆராய்ச்சிக்கு ஆகாது. ஆனா எனக்குக் குடுத்தது எனக்கு" என்றாள்.

ஆனால் செவ்வாய்க்கிழமை எனக்குக் காலை ஷிஃப்ட். போன இரண்டு வருடமும் அதற்காகவே திங்கள் ராத்திரியே ஊர் திரும்பினோம். அக்கா எதுவும் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பதுதான் அவள் கேட்கிற விதம். சூப்பர்வைசருக்குப் போன் போட்டு வயிற்றுவலி என்றேன். "எந்த ஊர்ல வயித்துவலி, பின்னாடி ஆடு கத்துதே" என்றார். ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று போனை வைத்துவிட்டேன்.

செவ்வாய் விடியலில் குகை வாயில் நாங்கள் இரண்டு பேர்தான். வெளிச்சம் சுவரில் பரவப் பரவ, முந்தின நாள் மொட்டாக இருந்ததெல்லாம் விரிந்திருந்தது. சுவர் முழுக்க ஊதா. ஒரு குட்டித் தேனீ ஒவ்வொரு குழலாகப் புகுந்து பின்பக்கமாக வெளியே வந்தது. அக்கா லென்ஸை எடுக்கவில்லை, கேமராவை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு செடியை நானும் அப்படி நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. அனுமதிகளை அக்கா முன்பே வாங்கியிருந்தாள். தேவைக்கு இரண்டு செடி, வடிவம் கெடாமல் இருக்கச் சாராயக் குப்பியில் நாலு பூ. மற்றதைத் தொடவில்லை. "அடுத்த திங்களுக்கு எங்களுக்கும் மிச்சம் வைங்க" என்று பூசாரி சொல்லியிருந்தார்.

இனி போக நினைப்பவர்களுக்கு. ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். வழுக்காத செருப்பு, நிறையத் தண்ணீர், டார்ச் அவசியம். தாடிபத்ரியில் தங்கினால் பேலம் குகையையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். அந்தச் சின்னக் குகைக்கு மட்டும் கொலிமிகுண்ட்லாவுக்குப் பிறகு எத்தனை கிலோமீட்டர், எந்தத் திருப்பம் என்று எழுதப் போவதில்லை. கமெண்டில் கேட்டாலும் சொல்லமாட்டேன். பூவோடு சேர்த்து வேரையும் பிடுங்கி விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள், பாறை வெட்டுகிறவர்களும் இணையம் படிக்கிறார்கள்.

கட்டுரையைத் திருத்தி அனுப்பியாகிவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. விரியாத பூவைப் பற்றிய இரண்டு பக்கமும் போய், அந்த இடத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது: தினமும் விடியலில் மலர்கிறது. அடுத்த வருடம் வெள்ளிக்கிழமையே கிளம்பலாம், ஞாயிறு திருப்பலியைத் திரும்பும் வழியில் அனந்தபூரில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள் அக்கா. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நாங்கள் தேடி அலைந்த அத்தனை நாளும் அது எங்களுக்குப் பின்னால், செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை, தன்பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்திருக்கிறது.