மனைவியைச் சோதித்த மாலுமி

நெடுங்காலம் கடலில் அலைந்து திரும்பிய கிரேக்கக் காவிய வீரன், மாறுவேடத்தில் மனைவியின் கற்பைச் சோதித்தான். அந்த மதிநுட்பத்தை நேற்று ஓர் அறிஞர் மேடையில் போற்ற, அரங்கம் கைதட்டியது. அக்கைதட்டலை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

எழுபதுகளில், தூத்துக்குடியிலிருந்து தோணியேறிக் கொழும்பு சென்ற என் மாமா பல ஆண்டுகள் ஒரு கடிதமும் எழுதவில்லை. அத்தை உப்பளக் கூலியில் பிள்ளைகளை வளர்த்தாள்; உப்பு அவள் பாதங்களை அரித்திருந்தது. திரும்பி வந்தவர் முதலில் தெருவெங்கும் அவள் நடத்தையை விசாரித்தார். பிறகே வாசலுக்கு வந்தார்.

"ஏளா, ஊர்ல ஒன்னப் பத்தி நல்லாத்தான் சொல்லுதாவ. கதவத் தெற."

"நீரு எங்கன கெடந்தீருன்னு நான் யார்ட்டப் போயி கேக்க?" என்றாள் அத்தை. கதவைத் திறக்கவில்லை.

அக்காவியத்தை இன்றும் படிக்கிறேன். அவன் மனைவி ஒருமுறையேனும் இப்படிக் கேட்கமாட்டாளா என்று ஏங்குகிறேன். கிரேக்கக் கதையில் நான் பிழைபட்டிருப்பின் அறிந்தோர் திருத்துக. அத்தையைத் திருத்த எவரும் முன்வர வேண்டா.