ரப்பர் குழாயின் மேல்

எதையும் நம்பாத ஒருவர், ஊரார் உயிரை நம்பிப் பிடிக்கும் பிரேக்கை மட்டும் எப்படிக் காலமெல்லாம் சரிசெய்து கொடுத்தார்? எங்கள் தெரு சைக்கிள் மெக்கானிக்கைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்த கேள்வி இது. தெரு அவருக்கு வைத்த பெயர் ‘சந்தேகம்’. பழகுவதற்கு இனியவர் என்று சொல்ல மாட்டேன். பெட்டி பிரிக்காத புதுச் சங்கிலியைக்கூட இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவார். ரிப்பேர் முடிந்த ஒவ்வொரு வண்டியையும் தெருமுனை வரை தானே ஓட்டிப் பார்ப்பார். அதற்கு முன் கொடுக்க மாட்டார்.

நகரத்தில் சைக்கிள் பாதைகள் ஆற்றங்கரையில் தொடங்கி, ஒன்றோடொன்று கைகோத்து, எங்கள் தெருமுனை வரை வந்து நின்றன. அடுத்தது எங்கள் தெருவா என்று முடிவு செய்ய, மாநகராட்சி ஆட்கள் சாலைக்குக் குறுக்கே ஒரு கறுப்பு ரப்பர் குழாயைப் பதித்தார்கள். சைக்கிள் ஏறினால் அது எண்ணிக்கொள்ளும். ஒரு வாரக் கணக்கு; எண்ணிக்கை கூடினால் பாதை வரும்.

“யோவ் சந்தேகம், பழைய டியூபை நடுரோட்டுல போட்டு வச்சிருக்கியே” என்றார் பக்கத்துக் கடை முடிதிருத்துபவர்.

“என் டியூபா இருந்தா ஒட்டுப் போட்டிருக்கும். இது வேவு பார்க்க வந்தது.”

பாதை வந்தால் கடை முன்னால் நீட்டியிருக்கும் தகரக் கூரை போய்விடும். வண்டியைத் தொங்கவிட்டு வேலை பார்க்கும் இடமே அதன் அடியில்தான். உள்ளே ஒரு ஆளும் ஒரு அலமாரியும்தான் கொள்ளும். ஆனால் அவருடைய தங்கை தினமும் லாரிகளுக்கு நடுவே சைக்கிளில்தான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போகிறாள். போன வருடம் ஒரு லாரிக் கண்ணாடி தட்டி அவள் தோள் எலும்பு முறிந்தது.

குழாய் பதித்த நாளிலிருந்து அவர் வண்டிகளைப் பின்சந்தில் ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தார். தெரு கவனித்தது. தங்கையும் கவனித்தாள்.

“கணக்கு ஏறக்கூடாதுன்னுதானே அண்ணே சந்துல போற?”

“ஓட்டிப் பாக்குறது பயணமா? அதை எதுக்கு எண்ணணும்?”

“நீ எப்பவுமே இப்படித்தான். தகரத்துக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம்.”

அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது நேர்மையா, நேர்மையின் சட்டையை மாட்டிக்கொண்ட சுயநலமா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒரே செயலுக்கு இரண்டு காரணங்களும் பொருந்தும்போது, நாம் ஆளைப் பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். தெரு கெட்டதைத் தேர்ந்தெடுத்தது. “பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா?” என்று முடிதிருத்துபவர் சீப்பைத் தட்டிச் சிரித்தார்.

கணக்கின் கடைசி நாள் காலையில் வேலைக்காகக் கடை திறக்கவில்லை. தங்கை வேலைக்குக் கிளம்பியபோது, அவர் கடை அலமாரிக்குப் பின்னால் வருடக்கணக்காகத் தூசு படிந்து கிடந்த தன் சொந்தச் சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்தார். அவளுக்கு வலப்பக்கம், லாரிகள் வரும் பக்கமாக, ஓட்டிக்கொண்டு போனார். இருவரும் குழாயின் மேல் ஏறி இறங்கினார்கள். சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு அதே வழியில் திரும்பினார்.

“எங்கய்யா போன?” என்றார் முடிதிருத்துபவர்.

“அவ வண்டியில சங்கிலி சத்தம் போட்டுது” என்றார்.

அந்தச் சங்கிலியை முந்தின நாள்தான் அவரே மாற்றியிருந்தார். பின்சந்தில் ஓட்டியும் பார்த்திருந்தார்.