தபசு விடுமுறையும் பூட்டிய கேட்டும்

புது நாட்காட்டி வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது அரசு விடுமுறைகளைத்தான். பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் எல்லாவற்றையும் எண்ணி, அவற்றில் எத்தனை சனி, ஞாயிறில் விழுகின்றன என்று பார்ப்பேன். அப்படி விழுகிற ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விடுவேன். எங்கள் சங்கரன்கோவில் ஆடித் தபசுத் திருவிழா அந்தக் கணக்கில் வராது. அது உள்ளூர் விடுமுறை, பிறகுதான் அறிவிப்பார்கள். இந்த வருடம் புதன்கிழமையில் வந்து விழுந்தது.

என் பேத்திக்கு ஒன்பது வயது. பேச்சு வரவில்லை. வலிப்பு உண்டு. அவள் அப்பா துபாயில். என் மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பகலில் வீட்டில் நானும் அவளும்தான். சனி, ஞாயிறு என்றால் வீட்டுச் சோறு என்று அவளுக்குத் தெரியும். மற்ற நாட்களில் மதியம் பள்ளிக்கூடத்தில்தான் சாப்பிட வாய் திறப்பாள். சத்துணவு சமைக்கிற அம்மா அவளைச் சமையலறைப் படியில் உட்காரவைத்து, முதல் உருண்டைக்குள் மாத்திரையைப் பொதிந்து ஊட்டுவாள். பதினொரு உருண்டை. வெளியே நின்று எண்ணியிருக்கிறேன். அந்த மாத்திரை தவறினால் வலிப்பு வரும். நீண்ட விடுமுறைகளில் மகள் லீவு போட்டு, இரண்டு மூன்று நாள் மல்லுக்கட்டி வீட்டில் சாப்பிடப் பழக்கிவிடுவாள். ஒற்றை நாள் விடுமுறைதான் எங்களைக் கொல்லும். திருவிழாவன்று ஆஸ்பத்திரியில் யாருக்கும் லீவு கிடையாது.

இரண்டு வாரம் முன்னாலேயே தலைமையாசிரியையிடம் போனேன்.

"சமையலறைப் படி மட்டும் போதும் டீச்சர். மதியம் ஒரு மணி நேரம்."

"கலெக்டர் லீவு விட்டிருக்காங்க சார். நான் தொறந்து வச்சு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்லுதது? தபசுக்குப் பூட்டலன்னா ஊரே சண்டைக்கு வந்துரும். அதான் பதிலுக்கு ஒரு சனிக்கிழமை ஸ்கூல் வைக்கிறோம்லா."

அவர் சொன்னதில் தப்பில்லை. சாமி பார்க்கப் போகிற பிள்ளைகளை வகுப்பில் உட்காரவை என்று சொல்ல எனக்கும் வாய் வராது. ஆனால் ஆஸ்பத்திரி திறந்திருக்கிறது, பஸ் ஓடுகிறது, போலீஸ் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு படியைத் திறந்து வைத்தால் எந்தச் சாமி கோபிக்கும்?

வெளியே வந்தபோது சத்துணவு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் கோயிலச் சுத்துதேன். நூத்தியோரு சுத்து நேந்திருக்கேன். யாருக்குன்னு நெனைக்கீய? இந்தக் குட்டி ஒரு வார்த்தை பேசணும்னுதான்."

அன்றைக்கு மதியம் இவளுக்கு யார் ஊட்டுவது என்று கேட்டேன்.

"கொடி ஏறுனதும் ஆரம்பிச்சிருவேன். தபசன்னைக்குக் கடைசிப் பதினஞ்சுதான். முடிச்சிட்டு மதியத்துக்குள்ள ஓடி வாரேன். ஸ்கூல் கேட்டு வாசல்ல வச்சே ஊட்டிருதேன். பயப்படாதீய."

சுற்றுக்கு ஒன்றாகப் போட்டுவிடும்படி நூற்றியோரு புளியங்கொட்டைகளை எண்ணிப் பையில் கட்டிக் கொடுத்தேன்.

தபசன்று காலையில் பேத்தி யூனிபார்மோடு வாசலில் நின்றாள். கூட்டிப் போனேன். திருவேங்கடம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள், அம்மனுக்குக் காணிக்கையாக வீசுவதற்குப் பருத்தியும் மிளகாயும் மூட்டையாகச் சுமந்து போனார்கள். பள்ளிக்கூடத்துக் கேட்டில் பூட்டு. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

பலூன்காரர் ஒருவர் நின்று பார்த்தார். "என்ன தாத்தா, தபசன்னைக்குமா பிள்ளையப் படிக்கப் போடுதீய? கலெக்டர் ஆக்காம விடமாட்டீய போலுக்கு!"

சிரிக்க முயன்றேன். கேட்டில் இருபத்தாறு கம்பிகள். திரும்பத் திரும்ப எண்ணினேன். மதியம் ஆயிற்று. சத்துணவு அம்மா வரவில்லை. போனில் மணி போனது, எடுக்கவில்லை. தூக்குவாளியிலிருந்து சோற்றை உருட்டி மாத்திரையைப் பொதிந்து நீட்டினேன். துப்பினாள். மாத்திரையை மட்டும் கொடுத்தேன். அதையும் துப்பினாள். கெஞ்சினேன். தெருவில் எல்லாரும் பார்க்க, வாயைத் திறடி என்று அதட்டினேன். பிறகு அவள் விரல்கள் கம்பியிலேயே விறைத்தன. கண் மேலே போயிற்று. கீழே விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு ஆட்டோ, ஆட்டோ என்று கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் என் மகள்தான் ஊசி போட்டாள்.

சாயங்காலம் சத்துணவு அம்மா கோயில் பிரசாதமான புற்றுமண் பொட்டலத்தோடு வார்டுக்கு ஓடி வந்தாள். காலெல்லாம் வீங்கியிருந்தது. "கூட்டத்துல இடிச்சு பை அத்துப் போச்சு அண்ணாச்சி. கொட்டை பூரா செதறிட்டு. எத்தனை சுத்துனேன்னு தெரியல. குறைஞ்சிரக் கூடாதுன்னு அந்தப் பதினஞ்சையும் மொதல்ல இருந்து சுத்துனேன்." பேத்தியின் கடிபட்ட உதட்டைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மேல் கோபப்பட என்னால் முடியவில்லை.

வியாழக்கிழமை கேட் திறந்திருந்தது. பேத்தி உள்ளே போகவில்லை. திறந்த கேட்டின் கம்பியைப் பிடித்து அங்கேயே நின்றாள். தட்டோடு ஓடி வந்த சத்துணவு அம்மாவின் கைக்கும் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். இரண்டு நாளும் மதியம் மாத்திரைக்குப் பதில் ஊசி போட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

தலைமையாசிரியை வாசலுக்கு வந்தார். "நாளைக்குச் சனிக்கிழமை, தபசுக்குப் பதிலா ஸ்கூல் உண்டு சார். கூட்டம் குறைவா இருக்கும். மெல்லப் பழக்கிப் பாப்போம், கூட்டிட்டு வாங்க."

சனிக்கிழமை வீட்டுச் சோறு. அவள் வாய் திறக்க மீதி இருப்பது சனி, ஞாயிறு என்ற அந்த இரண்டு நாள்தான். நாளைக்கு யூனிபார்ம் போட்டுக் கூட்டி வந்தால் அதுவும் போய்விடும். கூட்டி வராமல் இருந்தால் திங்கட்கிழமையும் இந்தக் கம்பிதான்.

"சரி டீச்சர்" என்றேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பேத்தியின் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினேன்.