ஒரு வருகைக்கு ஒரு காகிதம்

வங்கியில் கடன் கொடுக்கும் மேஜையில் உட்கார்ந்தவனுக்கு ‘முடியாது’ என்று சொல்லத் தெரியவேண்டியதில்லை; ‘அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்லத் தெரிந்தால் போதும். அந்த மேஜைக்கு எதிரே கால்கடுக்க நின்றவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எழுபதுகளின் பின்பாதி. கல்கத்தாவில் எங்கள் பவானிபூர் கிளையில், படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்கள் சொந்தத் தொழில் தொடங்க ஒரு கடன் திட்டம் வந்தது. அதற்கு நான்தான் அதிகாரி. கீழே வருகிறவர்கள் பேசியது வங்காள மொழியில். தமிழர்கள் நிறைந்த லேக் மார்க்கெட் பகுதிக்காரனான என் காதில் விழுந்த தமிழில் எழுதுகிறேன்.

அச்சகத்தில் கோழி

முதல் மாதமே ஓர் இளைஞன் அச்சகம் வைக்கக் கடன் கேட்டு வந்தான். கூடவே கனமான திட்ட அறிக்கை. எங்கள் கிளைக்கு எதிர் நடைபாதையில் டைப்ரைட்டரோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். யார் என்ன தொழில் சொன்னாலும் அரை மணியில் அறிக்கை அடித்துக் கொடுத்துவிடுவார். மூன்றாம் பக்கத்தில் கண் நின்றது. ‘தினசரி கோழித்தீவனம்’ என்று ஒரு வரி.

“அச்சகத்தில கோழி எதுக்கப்பா?” என்றேன். பையன் அசரவில்லை.

“அந்தப் பக்கத்தை எடுத்துட்டா ஃபைல் ஒல்லியாயிடும்னு டைப்பிஸ்ட் அண்ணன் சொன்னார் சார்.”

என் கண்டுபிடிப்பு

கோழிக்குப் பிறகு எனக்கு யார்மேலும் நம்பிக்கை இல்லை. உண்மையிலேயே தொழில் செய்ய நினைப்பவன் யார், பொழுதுபோகாமல் வருபவன் யார் என்று பிரிக்க ஒரு முறை கண்டுபிடித்தேன். கடனுக்கு மொத்தம் ஒன்பது காகிதங்கள் வேண்டும். ஒன்பதையும் ஒரே நாளில் சொல்லமாட்டேன். ஒரு வருகைக்கு ஒன்று. அதைக் கொண்டுவந்தால் அடுத்தது. ஆர்வம் இருக்கிறவன் வருவான், இல்லாதவன் நின்றுகொள்வான்.

மூன்றாவது வருகைக்குள் பாதிப் பேர் காணாமல் போனார்கள். மானேஜர் என் தோளைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஃபைல்களைத் தூக்கித் தூக்கி அலுத்துப்போன பியூன் ஹரி அண்ணன் மட்டும் ஒருநாள் தேநீரை வைத்துவிட்டுச் சொன்னார்:

“காளிகாட் கோயில்லகூட ஒரே நாள்ல தரிசனம் ஆயிடுது சார்.”

சிப்ராவின் பெட்டி

அந்த ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில் சிப்ரா வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். அப்பாவின் தொழிற்சாலை கதவடைப்பில் கிடந்தது. டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். அறிக்கை எதுவும் கொண்டுவரவில்லை. பைக்குள்ளிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். சந்தேஷ் இனிப்பு வைக்கிற பெட்டி, கையாலேயே வெட்டி மடித்தது. மூன்று மிட்டாய்க் கடைக்காரர்கள் துர்கா பூஜைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், அட்டை வெட்டி மடிப்புக் கோடு போடும் இயந்திரம் மட்டும் வேண்டும் என்றாள். மூலை மடிப்பை விரலால் அழுத்திப் பார்த்தேன். பிசிறில்லை. இந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் படிப்புச் சான்றிதழை மட்டும் கேட்டு அனுப்பினேன்.

கொண்டுவந்தாள். அறையின் வாடகை ஒப்பந்தம் கேட்டேன். ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து அதையும் கொண்டுவந்தாள். ஒவ்வொரு முறையும் இரண்டு பஸ் மாறி வந்து, காகிதத்தை நீட்டி, சின்ன நோட்டுப்புத்தகத்தைத் திறந்து, “அடுத்தது என்ன சார்?” என்பாள். நான்காவது முறை, மொத்தமாக எழுதித் தரமுடியுமா என்று கேட்டாள். “ஒவ்வொண்ணா வரட்டும்மா” என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அவள் சிரிக்கவில்லை.

“பூஜைக்கு ரெண்டு மாசந்தான் சார் இருக்கு.”

சால்ட் லேக்கில் ஒரு கார்

அதே மழைக்காலத்தில் என் முறையில் தேறிய ஒருவனின் பட்டறையைப் பார்க்க சால்ட் லேக் போனேன். அன்றைக்கு அங்கே வீடுகளைவிட நாணல்தான் அதிகம். பணக்கார வீட்டுப் பிள்ளை. ஒன்பது காகிதங்களும் தவறாமல் வந்தன. கொண்டுவந்தவர் அப்பாவின் கம்பெனி குமாஸ்தா. அதையும் ஆர்வம் என்றுதான் குறித்துக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்குள் இயந்திரம் இல்லை. பளபளவென்று ஒரு கார் நின்றது. தவணையை அப்பா மாதாமாதம் கட்டிவிடுவதால் எங்கள் ஏட்டில் அது வெற்றிபெற்ற தொழில். பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு அன்போடு விளக்கினான்.

“மெஷின் வர்ற வரைக்கும் வண்டி நனையக்கூடாதில்லையா சார்?”

ஒன்பதாவது

சிப்ராவின் எட்டாவது காகிதத்தை வாங்கிக்கொண்டு ‘அடுத்த வாரம் வாங்க’ என்றேன். அதோடு அவள் நின்றுபோனாள். இரண்டு வாரம் பார்த்தேன். பிறகு என் வழக்கப்படி ஃபைலில் ‘ஆர்வமில்லை’ என்று எழுதி மூடினேன்.

பூஜை முடிந்து கிளை திறந்த வாரம் வந்து நின்றாள். பையில் பெட்டி இல்லை. மகாளய அமாவாசைக்குள் முடிவு தெரியாததால் கடைக்காரர்கள் வேறிடத்தில் சொல்லிவிட்டார்களாம். மூன்று மாதமாகப் பூட்டிக்கிடந்த அறையைக் காலிசெய்கிறாள். முன்பணத்தைத் திருப்பித் தர வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தைக் கேட்கிறார், அதை வாங்கிப்போகத்தான் வந்தாள்.

எனக்குப் பதறிவிட்டது. “ஒண்ணே ஒண்ணுதாம்மா பாக்கி. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்” என்று டிராயரை இழுத்து, அச்சடித்த படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். பேனாவையும் திறந்து நீட்டினேன். அவள் பேனாவை வாங்கவில்லை. படிவத்தைப் பார்த்தாள், டிராயரைப் பார்த்தாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள்.

“நான் முதல் நாள் வந்தபோதும் இது இந்த டிராயர்லதான் இருந்துதா சார்?”

அந்த ஆண்டு முடிவில், என் மேஜையில் ஒரு வாராக் கடன்கூட இல்லை என்று தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதையும் அந்த டிராயரிலேயே வைத்தேன்.