விழுந்த மரத்தில் குடியிருந்தவர்கள்

பெங்களூர் தொம்மலூரில் நாங்கள் குடியிருக்கும் சந்தில் ஒரு காலிமனை இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மே மாத மழையில், அதன் ஓரத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. யாருக்கும் அடிபடவில்லை. இரண்டு ஸ்கூட்டர்கள் நசுங்கின, ஒருநாள் முழுக்கக் கரண்ட் இல்லை. மறுநாள் மாநகராட்சி ஆட்கள் வந்து கிளைகளை அறுத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் கைகோத்துக் கட்டிப்பிடிக்கிற பருமனில் அடிமரம் மட்டும், முக்கால்வாசி மனைக்குள்ளும் மீதி சாலையிலுமாகக் கிடந்தது. அதை எடுக்கப் பெரிய வண்டி வரும் என்றார்கள். வரவில்லை.

எதிர்வீட்டு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். இந்தச் சந்திலேயே பிறந்து வளர்ந்தவர், கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்.

"பாம்பு வந்து அடையும்மா. நீதான் தினம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கியே, ஒரு கம்ப்ளெயின்ட் போடு."

போட்டேன். பதில் இல்லை. மறுபடி போட்டேன். எனக்கும் அந்தக் கட்டையைக் கண்டால் எரிச்சல்தான். காரைத் திருப்ப முடியாது, போகிறவர்கள் அதன்மேல் குப்பைப் பையை வைத்துவிட்டுப் போவார்கள். செத்த மரம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த பிப்ரவரியில், சாக்கடையை மூடியிருந்த கல் காலடியில் பெயர்ந்து, என் கணுக்கால் உடைந்தது. ஆறு வாரம் கட்டு. ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள். கணவர் மேஜையை மாடி ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜன்னலுக்கு நேர் கீழே அந்தக் கட்டை.

முதல் வாரம் சலிப்பில்தான் பார்த்தேன். காலை எட்டு மணி இருக்கும், 'டொக் டொக்' என்று சத்தம். முதுகில் பொன்னைக் குழைத்துப் பூசியதுபோல் ஒரு மரங்கொத்தி, தலையில் சிவப்புக் கொண்டை. பெங்களூரில் பதினோரு வருஷம் இருந்தும் நான் மரங்கொத்தியைப் பார்த்ததில்லை. பட்டையைப் பெயர்த்து, விரல் நீளத்துக்கு வெளுத்த புழு ஒன்றை இழுத்து எடுத்தது. அது போன பிறகு, பெயர்ந்த இடத்துக்கு எறும்புகள் வந்தன. எறும்பைப் பிடிக்க ஓர் அரணை வந்தது. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அரணை கட்டையின் மேலேயே படுத்துக் குளிர்காய்ந்தது. மீட்டிங்கில் என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்கள், என் காதில் விழவில்லை.

நான்காம் வாரம் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். மண்ணில் படிந்திருந்த ஒரு பட்டையை அவர் குச்சியால் நெம்பினார். அடியில் ஈரம். சுருண்ட மரவட்டைகள், கலைந்தோடும் கரையான்கள், பெயர் தெரியாத எத்தனையோ பூச்சிகள். எல்லாவற்றுக்கும் அடியில், நூல்கண்டைப் பிரித்துப் பரப்பியதுபோல் வெள்ளையாக ஓர் இழைவலை, மரத்துக்குள்ளும் மண்ணுக்குள்ளும் ஒரே ஓட்டமாக ஓடியது. பூஞ்சை.

"இது எங்க முடியுது?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து மண்ணைக் கொஞ்சம் கிளறினார். இழை போய்க்கொண்டே இருந்தது. "தெரியல. ரோடு வரைக்கும் போகுமோ என்னமோ."

பள்ளியில் உணவுச் சங்கிலி படித்திருக்கிறேன். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு. அம்புக்குறி மேலே மேலே போய்க் கழுகோடு நின்றுவிடும். செத்ததெல்லாம் எங்கே போகிறது என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. இதோ, இங்கே வருகிறது. அந்த மரம் பல வருஷங்களாக வெயிலையும் மழையையும் வாங்கிச் சேர்த்து வைத்ததையெல்லாம், இத்தனை வாய்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன. சத்தமில்லாமல், ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில்.

கட்டையின் அறுபட்ட முகத்தில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு வட்டமான துளைகள் இருந்தன. துரப்பணம் போட்டதுபோல் அவ்வளவு சுத்தம். அதிலிருந்து கருநீலத்தில் பெரிய வண்டுத்தேனீக்கள் வெளியே வந்தன. மாடிக்குத் திரும்பியதும் அவை எங்கே போகின்றன என்று பார்த்தேன். நேரே எதிர்வீட்டு அக்காவின் முருங்கைமரத்துக்கு. மரம் முழுக்கப் பூ. ஒவ்வொரு பூவாக அழுந்தி உட்கார்ந்து, மகரந்தம் அப்பிய முதுகோடு அடுத்த பூவுக்குப் போயின. சாயங்காலம் மறுபடி துளைக்குத் திரும்பின. ஒருவாரம் பார்த்தேன், இதேதான்.

ஏப்ரலில் கட்டுப் பிரித்த மூன்றாம் நாள், லாரி வந்தது. மரம் அறுக்கும் மெஷினோடு நான்கு பேர். புகார் கொடுத்தது நான்தானா என்று கீழே இருந்து மேஸ்திரி கன்னடத்தில் கேட்டார்.

"மேடம், கம்ப்ளெயின்ட் கொட்டவரு நீவேதானே?"

கைத்தடியை ஊன்றிக்கொண்டு எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. "வேண்டாம், விட்டுடுங்க" என்றேன்.

அவர் தமிழுக்கு மாறினார். "என்ன மேடம், ஏழு வாட்டி எழுதிப் போட்டிருக்கீங்க. இப்ப வேணாங்கறீங்க. கட்டை இல்லாத எடத்த நான் போட்டோ எடுத்து அனுப்பணும்."

அவர் கேட்டது நியாயம். எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குள் எதிர்வீட்டு அக்கா வந்துவிட்டார். "அப்பாடா, வந்தீங்களா! எடுங்கப்பா மொதல்ல."

"அக்கா, ஒரு நிமிஷம் இங்க வாங்க" என்று அவர் கையைப் பிடித்துத் துளைகளிடம் கூட்டிப் போனேன். ஒரு தேனீ வெளியே வந்து, எங்கள் தலைக்குமேல் ரீங்காரமிட்டுத் தெருவைத் தாண்டிப் போனது. "எங்க போவுது பாருங்க."

அக்கா பார்த்தார். அது முருங்கைப் பூவில் போய் உட்கார்ந்தது. இன்னொன்றும் போனது.

"நம்ம மரத்துக்கா?"

"தினமும் உங்க மரத்துக்குத்தான்."

அக்கா குனிந்து இன்னொரு துளைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மேஸ்திரியிடம் கன்னடத்தில் சரளமாக ஏதோ பேரம் பேசினார். கடைசியில் சாலையில் நீட்டிக்கொண்டிருந்த பகுதியை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு, சாலை காலியானதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். மெஷின் ஓடியபோது துளைகள் இருந்த முகமும் அந்தத் துண்டோடு போய்விட்டது. என்னால் அதைத் தடுக்க முடியவில்லை. அன்று முழுக்கத் தேனீக்கள், இல்லாத வாசலைத் தேடி அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்க முடியாமல் ஜன்னலைச் சாத்தினேன்.

ஆனால் பத்து நாளில் புதிதாக அறுபட்ட முகத்தில் மரத்தூள் உதிர ஆரம்பித்தது. முதலில் பார்த்தது அக்காதான்.

"ஏம்மா, மறுபடி ஓட்டை போடுதுங்க!" என்று தெருவிலிருந்தே கத்தினார்.

போன வருஷ மழையில் கட்டையின் நடுப்பாகம் உள்வாங்கிவிட்டது. கையை விட்டால் எது மரம், எது மண் என்று விரலுக்குத் தெரிவதில்லை. அந்தக் குழியில் யாரும் போடாத ஒரு பப்பாளி முளைத்து நிற்கிறது. போன வாரம் அதன் முதல் காய் பழுத்தது. ஞாயிற்றுக்கிழமை பூஜை முடித்து வந்து பறிக்கலாம் என்று அக்கா சொல்லியிருந்தார். அவர் கோயிலிலிருந்து வருவதற்குள், ஒரு பெண்குயில் தலையை உள்ளே விட்டு அதைப் பாதிக்குமேல் காலி செய்திருந்தது.

"போகட்டும் விடு, அதோட பங்கு" என்றார் அக்கா. இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.