எடைமேடையில் ஆடிய அம்பு

என் மாமாவுக்குக் கோபம் வந்தால் எதிரில் இருப்பது மனிதனா மரமா என்றெல்லாம் பார்க்க மாட்டார். ஆனாலும் அந்தக் கோடை விடுமுறையில் அவர் ஒரு கம்ப்யூட்டரைத் திட்டியது மாதிரி வேறு எதையும் திட்டி நான் கேட்டதில்லை. அந்தத் திட்டில் பெரும்பகுதி அத்தைக்குப் போய்ச் சேர்ந்தது. கொஞ்சம் எனக்கும் கிடைத்தது. கம்ப்யூட்டர் மட்டும் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலைக்குப் போகிற சாலையோரமாகச் சொந்தத்தில் ஒரு எடைமேடை வைத்திருந்தார். லாரியும் டிராக்டரும் ஏறி நிற்க ஒரு இரும்பு மேடை, பக்கத்திலேயே ஒரு சின்ன அறை. அறைக்குள் எடையைச் சிவப்பு எண்களில் காட்டும் பெட்டி ஒன்று இருந்தது. அதன் பின்புறத்திலிருந்து ஒரு ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகும். எடை தானாகவே திரையில் வந்து விழும், பட்டனைத் தட்டினால் சீட்டு அச்சாகி வரும். கரும்பும், வெள்ளிமலைப் பக்கமிருந்து இறங்கும் மரவள்ளிக்கிழங்கும் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். எனக்கு அதிலெல்லாம் ஒரு அக்கறையும் கிடையாது. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. மாமாவின் கம்ப்யூட்டரில் ஒரு சீட்டாட்டம் இருந்தது. அதற்காகத்தான் லீவு விட்டதும் அடம்பிடித்து அங்கே போய் இறங்குவேன்.

அந்த அறையில் உட்கார்ந்திருந்தது அத்தை, மாமாவின் மனைவி. கணக்கில் பட்டம் வாங்கி, பி.எட்.டும் முடித்தவர். திருக்கோவிலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். மே முடிவதற்குள் வருகிறேன், வரவில்லை என்று ஒரு பதில் சொல்ல வேண்டும். மாமா விடவில்லை.

"நம்ம தொழில வுட்டுட்டு எவன்கிட்டயோ போயி கைகட்டிக்கினு நிக்கப் போறியா? பேசாம ரூம்ல குந்து."

விஷயம் வேறொன்றும் இல்லை. வேறு ஆளை அந்த நாற்காலியில் உட்காரவைத்தால் சம்பளம் தர வேண்டும், மனைவிக்குத் தர வேண்டியதில்லை. அத்தை ஏப்ரல் மாதம் கேட்டுப் பார்த்தார். மறுபடியும் ஒரு முறை கேட்டார். அதற்கப்புறம் கேட்கவில்லை. வேலைக்குப் போகும் ஆசையை விட்டுவிட்டார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள்தான் கம்ப்யூட்டர் திரையில் மவுஸ் அம்பு ஆட ஆரம்பித்தது. அதுவரை காலையில் மாமாதான் திறப்பார். அன்றைக்கு முதல்முறையாக அத்தை அறையைத் திறந்து, பெருக்கி, சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டி, பெட்டியைப் போட்டார், கம்ப்யூட்டரையும் போட்டார். திரை தெளிந்ததும் அதிலிருந்த அம்பு ஓட்டம் பிடித்தது. மவுஸைத் தொடக்கூட இல்லை. மேலே துள்ளியது, மூலையில் போய் ஒட்டிக்கொண்டது, தன் பாட்டுக்கு எதையோ திறந்தது, மூடியது. எடை எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. என் சீட்டாட்டத்தைத் திறந்தால், நான் ஒரு சீட்டைத் தொடுவதற்குள் அது வேறு சீட்டைப் பிடித்து இழுத்தது. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

மாமா உள்ளே வந்தார். "யாரு இன்னாத்தத் தொட்டீங்க?"

"நான் தொடல மாமா."

"தொடாமலே ஆடுதா? அதுக்கு இன்னா சாமி வந்துடுச்சா?"

எல்லா ஒயரையும் பிடுங்கினார். கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். கோபம் ஆறவில்லை, எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து ஒயரைச் செருகிக் கம்ப்யூட்டரைப் போட்டார். அப்புறம் மேடையில் ஒரு டிராக்டர் வந்து நிற்கவும், ஞாபகம் வந்து பெட்டியையும் போட்டார். அம்பு சாதுவாக ஒரே இடத்தில் நின்றது. "பாத்தியா? இப்பிடித் தட்டணும்" என்றார். அன்றிலிருந்து அந்த இயந்திரம் வாங்கிய அடி கொஞ்சமல்ல.

கள்ளக்குறிச்சியிலிருந்து மெக்கானிக் வந்தார். மவுஸ் போய்விட்டது என்று புதிதாக ஒன்று மாட்டினார். அடுத்த வாரம் அதுவும் போய்விட்டது என்று இன்னொன்று மாட்டினார். கடைசியில் மாமாவே பொறுமையிழந்து மவுஸைப் பிடுங்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அப்போதும் அம்பு ஆடியது. கிழங்கு லோடோடு வெள்ளிமலையிலிருந்து வந்திருந்த டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க மொதலாளி, மவுஸு உங்க பாக்கெட்டுல கீது. அங்க யாரு ஆட்டிக்கினு இருக்கறாங்க?"

மறுநாள் வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. மேசையைக் கிழக்குப் பார்க்கத் திருப்பிப் போட்டார்கள். அம்பு கிழக்குப் பார்த்து ஆடியது.

இதற்குள் மாமா ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். "நான் தொறந்தா ஒழுங்கா ஓடுது. நீ தொறந்தாதான் ஆடுது. ஒன் கைராசி அப்பிடி."

எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது உண்மையாகவே இருந்தது. மாமா திறந்த நாளில் ஆடாது, அத்தை திறந்த நாளில் ஆடும். அத்தை திறந்து ஆடாத ஒரு நாளுக்காக நான் வேண்டிக்கொண்டு காத்திருந்தேன். வரவே இல்லை. ஊரில் இருக்கிற அத்தனை சாமிகள் மேலும் எனக்குக் கோபம் வந்தது. அத்தை மட்டும் ஒரு வார்த்தை பேசாமல், பெட்டியில் தெரியும் சிவப்பு எண்ணைப் பார்த்துக் கையாலேயே சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெட்டி ஒரு நாளும் தப்பாகக் காட்டியதில்லை, யாருக்கும் ஒரு கிலோ குறைந்ததில்லை. ஆனால் அது யாருக்கு வேண்டும்?

மே மாதக் கடைசி வாரம். ஆலை அரவை முடியப் போகிற நேரம், கரும்பு டிராக்டர்கள் சாலை வரைக்கும் நின்றன. அன்றைக்கு அத்தை திறந்திருந்தார். அம்பு வழக்கம்போல ஆடிக்கொண்டிருந்தது. வெயிலில் நிற்க நிற்கக் கரும்பு காயும், காயக் காய எடை குறையும். மேடையில் நின்ற டிராக்டரின் சொந்தக்காரர் பொறுமையிழந்து அறைக்குள்ளேயே வந்துவிட்டார். திரையைப் பார்த்தார்.

"அம்பே ஒரு எடத்துல நிக்கல. எட மட்டும் நிக்குமா?" என்று சத்தமாகவே கேட்டார்.

வரிசையின் கடைசியில் நின்ற டிராக்டர் ஒன்று திரும்பி, சங்கராபுரம் சாலையில் இருந்த இன்னொரு எடைமேடையைப் பார்த்துப் போனது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் போனது. எடைமேடைக்காரனுக்கு நம்பிக்கை போனால் மேடை வெறும் இரும்புதான். மாமாவின் முகம் கறுத்துவிட்டது. அத்தனை பேருக்கு எதிரிலும் அத்தையைப் பார்த்துக் கத்தினார்.

"குடு சாவிய! இனிமே இந்தப் பக்கம் கால வெக்காத. எந்த ஸ்கூலுன்னு சொன்ன, அங்கயே போயித் தொல!"

அத்தை சாவியைக் கொடுத்தார். ஜூன் பிறந்ததும் திருக்கோவிலூர் பஸ் ஏறினார். எடைமேடைக்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். தான் செய்கிறபடியே செய்ய மாமா அவருக்குச் சொல்லிக் கொடுத்தார், தட்டுவது உட்பட. அம்பு அதற்கப்புறம் ஆடவில்லை. அத்தையின் கைராசி என்பது குடும்பத்தில் முடிந்துபோன தீர்ப்பாகிவிட்டது.

இப்போது நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கருவிகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற வேலை பார்க்கிறேன். போன வருஷம் ஒரு பழைய தராசை இணைத்தபோது அதே ஆட்டம். அதே துள்ளல், அதே மூலை. பல்லைக் கடித்துக்கொண்டு காரணத்தைத் தேடிப் பிடித்தேன். கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது தன்னோடு என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒயர் செருகும் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கேட்கும். புதுக் கருவிகள் தங்கள் பெயரைச் சொல்லும். பழைய மாதிரி ஒயர்களில் வரும் கருவிகள் பலவற்றுக்குப் பெயர் சொல்லத் தெரியாது. அந்த வாசலில் யாராவது பேசிக்கொண்டிருந்தால், பழைய காலத்து மவுஸாகத்தான் இருக்கும் என்று கம்ப்யூட்டர் தானாக முடிவு கட்டிவிடும். எடைப் பெட்டியோ வாயை மூடாது. மேடை காலியாக இருந்தாலும் பூஜ்ஜியம், பூஜ்ஜியம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஆகவே பெட்டியை முதலில் போட்டால் அது மவுஸ், அது சொல்லும் எடையெல்லாம் அம்பின் ஓட்டம். கம்ப்யூட்டர் முழுதாக எழுந்த பிறகு பெட்டியைப் போட்டால் ஒரு வம்பும் இல்லை. இவ்வளவுதான். இதற்காக ஒரு மனுஷியை ராசியில்லாதவள் என்று இத்தனை வருஷம் சொல்லியிருக்கிறோம்.

கோபத்தோடும் பெருமையோடும் அத்தைக்குப் போன் போட்டேன். "அத்தை, உங்க கைராசி இல்லீங்க அத்தை. எதை மொதல்ல போடறோம்ங்கறதுலதான் இருக்குது."

"கம்ப்யூட்டர மொதல்ல போட்டு, அப்பறம் பெட்டியப் போட்டா ஆடாது. அதானே?" என்றார் அத்தை.

"உங்களுக்கு எப்பிடி அத்தை தெரியும்?"

"ரெண்டாவது வாரமே தெரியும் கண்ணு. உங்க மாமா தொறக்கறதப் பக்கத்துலயே நின்னு பாத்துக்கினு இருந்தேன். ஏன் ஆடுதுன்னுதான் தெரியாம இருந்துச்சு, இப்ப நீ சொல்லிட்ட."

"தெரிஞ்சுமா அத்தை தெனமும் பெட்டிய மொதல்ல போட்டீங்க?"

"மாமாகிட்ட சொல்லிடாத. இரு, பெல் அடிச்சிட்டாங்க, பத்தாங் கிளாசு. ராத்திரி பேசறேன்."

அந்த மே மாதம், சாவியை வாங்கிக்கொண்டு மாமா வெளியே போனதும், அத்தை சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அழாதீங்க அத்தை" என்று சொல்லி நானே பெரிதாக அழுதேன். அவர் தோள் இன்னும் அதிகமாகக் குலுங்கியது. பாவம், இவ்வளவு அழுகிறாரே என்று நினைத்து, ஊருக்குத் திரும்பும் வரை மாமாவோடு நான் பேசவே இல்லை.