மட்டாஞ்சேரியில் வெள்ளம் வந்த நேரங்கள்

முதலில் மன்னித்துவிடுங்கள். மட்டாஞ்சேரி என்று தேடி இந்தப் பக்கத்துக்கு வருபவர்கள் அரண்மனையையும் மசாலாக் கடைகளையும் எதிர்பார்ப்பார்கள். நான் பார்த்தது ஒரு பழைய கிடங்கின் பின்னறையை மட்டும்தான். அதையும் எழுதலாமா என்று மூன்று வாரம் யோசித்தேன்.

போனது ஜூலையில், ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் ஆய்வகம் அந்த அறையில் ஈர்ப்புமானி ஒன்றை வைத்திருந்தது. பூமியின் இழுவிசை ஒரே இடத்தில்கூட நிலையாக இருப்பதில்லை. நிலா நகரும்போதும், கடல் ஏறி இறங்கும்போதும், மண்ணுக்கடியில் தண்ணீர் சேரும்போதும் மிகமிகக் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தை ஓராண்டு விடாமல் பதிய வேண்டும் என்பது திட்டம். ஏழு மாதம் முடிந்திருந்தது. நடுவில் கருவியை எடுத்தால் தொடர் அறுந்துவிடும்.

அறையைப் பார்த்துக்கொண்டவர் ஜமீலா இத்தா; அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். லாரி வந்தது, கரண்ட் போனது என்று நடப்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து, வாரம் ஒருமுறை எனக்குப் படம் எடுத்து அனுப்புவார். ஜூனில் அந்த நோட்டில் புதிதாக ஒரு வரி வரத் தொடங்கியது. ‘வெள்ளம் வந்தது 10.40.’ ‘வெள்ளம் வந்தது 2.15.’ பதிவைப் பார்த்தால் அதே நேரங்களில் கோடு மேலேறியிருந்தது. கடல் தண்ணீர் அறைக்குள் புகுகிறது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கேள்வி கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் இன்னும் போகவில்லை. கேட்காமலே எங்கள் ஆய்வகத் தலைவர் சாருக்கு அறிக்கை எழுதினேன். அவர் கட்டிட முதலாளிக்குக் கடிதம் அனுப்பினார். கருவியை எடுத்து வர என்னை அனுப்பினார்.

கருவியைச் சாய்க்காமல் கொண்டுவர வேண்டும் என்பதால் வாடகை வண்டி. போக வர 7,500 ரூபாய், சுங்கம் தனி. கோவையில் காலை 5.30க்குக் கிளம்பினோம். டிரைவர் செல்வண்ணன் வாளையாறு தாண்டியதும் கேட்டார்: “பூமி இழுக்கறத அளக்கவா இத்தன தூரம்? எம்பட முதுகக் கேட்டாச் சொல்லீரும்மே!” ஆலுவாவில் மழையோடு நாற்பது நிமிடம் நின்றோம். தோப்பும்படி பாலம் வழியாகப் போய்ச் சேரும்போது 12.10. சுமார் 190 கிலோமீட்டர்.

அறைத் தரை காய்ந்து கிடந்தது. சுவரில் ஈரத்தடம்கூட இல்லை.

இத்தா சாயா கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை. “முதலாளி வந்து சத்தம் போட்டாரு. முறிக்குள்ள தண்ணி கேறினத நான் மறைச்சேனாம். எவிடெ கேறிச்சு? நீயே பாரு மோளே.”

பதிவு ஓடிக்கொண்டிருக்க, தேவைப்படாத கேபிள்களை மட்டும் முதலில் சுற்றிக்கொண்டிருந்தேன். 2.05க்குச் சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் சீறியது.

“ஆ, வெள்ளம் வந்நு!” இத்தா குடத்தோடு ஓடினார். மடிக்கணினியில் கோடு மெல்ல ஏறத் தொடங்கியது.

“இத்தா, வெள்ளம்னா... பைப் தண்ணியா?”

“பின்னே, கடலா? ரெண்டு மாசமா தோணுற நேரத்துக்குத்தான் விடுறான்.” சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “மலையாளத்துல எழுதினா உனக்கு வாயிக்கத் தெரியாதேன்னு, பாடுபட்டுத் தமிழ்ல எழுதினேன்.”

மலையாளத்தில் எழுதியிருந்தால் யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்லியிருப்பேன். தமிழாக இருந்ததால்தான் எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். பக்கத்து அறைத் தரைக்கடியில், அந்தக் குழாய்த் தண்ணீர் சேரும் ஒரு தொட்டி. அது நிரம்பும்போதெல்லாம் அந்தத் தண்ணீரின் இழுப்பைக் கருவி சரியாகவே பதிந்திருக்கிறது. இத்தா குறித்த நேரங்களை வைத்தே அதைப் பதிவிலிருந்து கழித்திருக்கலாம்; கருவியை எடுக்க வேண்டியதே இல்லை.

சார் போனில் வந்தார். “எடுத்தாச்சா?”

“எடுக்கறேன் சார்.” தொட்டியைப் பற்றிச் சொல்ல அதே பயம் விடவில்லை. வெளியே செல்வண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். 2.50க்குப் பதிவை நிறுத்தினேன்.

வாசலில் இத்தா சொன்னார்: “முதலாளி என்னை நாளையிலேர்ந்து வரவேண்டான்னுட்டாரு. மிஷின் இல்லாத முறிக்கு ஆளெதுக்குன்னு.” திட்டியிருந்தால் தேவலை. பெட்டி நனையாமல் வண்டிவரை குடை பிடித்தார். திரும்பும் வழியெல்லாம் மழை.

போகிறவர்களுக்கு: பஜார் சாலையில் பகலெல்லாம் சரக்கு லாரிகள் நிற்கும்; வண்டியில் போனால் காலை ஒன்பதுக்கு முன் நுழைந்துவிடுங்கள். சுமை இல்லையென்றால் எர்ணாகுளம் போட் ஜெட்டியிலிருந்து படகே போதும். மழைக்காலத்தில் மாற்றுச் செருப்பு வேண்டும். அங்கே வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். தெரிந்த சொல் போலிருந்தாலும் இன்னொரு முறை கேளுங்கள்.

சார், நீங்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பதுண்டு என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அறுந்த தொடரை ஒட்ட முடியாது, தெரியும். முதலாளிக்கு இன்னொரு கடிதம் மட்டும் அனுப்புங்கள். அந்த அறைக்குள் தண்ணீர் புகவே இல்லை, ஜமீலா இத்தா எதையும் மறைக்கவில்லை, தவறாகப் படித்தது நான்தான் என்று என் பெயரைப் போட்டே எழுதுங்கள்.